கோல் கணக்குக்கு அப்பால்: ஓர் ஆங்கில நடுக்கள வீரரின் ஆட்ட வாழ்க்கையைப் படிக்கும் முறை

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மில்னர், அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் அடித்த கோல்களின் கணக்கை மட்டும் ஒருவரிடம் காட்டினால், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர் ஐம்பது சொச்சம் கோல்தான் அடித்தாரா என்று அவர் உதட்டைப் பிதுக்கக்கூடும். ஏறத்தாழ அதே காலத்தில் ஆடிய ஃபிராங்க் லாம்பார்டின் கணக்கில் 177 கோல்கள் இருக்கின்றன. அவரும் நடுக்கள வீரர்தான். ஆனால் மில்னரின் பெயருக்கு எதிரே மூன்று லீக் பட்டங்களும், ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் ஒன்றும், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பைகள் இரண்டும், இரண்டு லீக் கோப்பைகளும் இருக்கின்றன. பதினைந்துக்கும் மேற்பட்ட மேலாளர்கள் அவரை அணியில் சேர்த்திருக்கிறார்கள். கோல் எண்ணிக்கை சொல்லாத ஏதோ ஒன்றை அவர்கள் அவரிடம் கண்டிருக்க வேண்டும். அதை அட்டவணையிலிருந்தும் பழைய ஆட்டப் பதிவுகளிலிருந்தும் வெளியே எடுப்பது எப்படி என்பதை, மில்னரையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து ஏழு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள்: சீசன், வயது, கழகம் (கிளப்), மேலாளர், ஆடிய இடம், தொடக்க ஆட்டங்களும் மாற்று ஆட்டங்களும், குறிப்பு. இணையத்தில் எந்த வீரருக்கும் கிடைக்கும் அட்டவணையில் இவற்றில் மூன்று நான்குதான் இருக்கும். மேலாளர், ஆடிய இடம் ஆகிய இரண்டையும் பெரும்பாலும் நாமே தேடி நிரப்ப வேண்டும். வேலை அதிகம் என்பதால் பலரும் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு நடுக்கள வீரரைப் பற்றிய முக்கியமான செய்தி முழுவதும் அந்த இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது.

வயதை எழுதும்போது ஒரு சிறு கவனம் தேவை. இங்கிலாந்தில் சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. ஆகவே ஆண்டைக் கழித்து வயதைக் கணக்கிட்டால் தவறு நேரும். மில்னர் 1986 ஜனவரி 4 அன்று லீட்ஸ் நகரில் பிறந்தார். 2002 நவம்பர் 10 அன்று வெஸ்ட் ஹாம் அணிக்கு எதிராக லீட்ஸ் யுனைடெட் 4–3 என வென்ற ஆட்டத்தில், கடைசிச் சில நிமிடங்களுக்கு மாற்று ஆட்டக்காரராக அவர் இறங்கியபோது அவருக்குப் பதினாறு வயதுதான். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சண்டர்லாந்துக்கு எதிராக அடித்த கோல், அதுவரையிலான பிரீமியர் லீக் வரலாற்றில் மிக இளையவர் அடித்த கோலாக அமைந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் வெய்ன் ரூனி படைத்திருந்த சாதனை அது. 2005-இல் எவர்ட்டனின் ஜேம்ஸ் வான் மில்னரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டார்.

இளம் வயதுச் சாதனைகளைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றுக்கு அதிக எடை தர வேண்டியதில்லை. பதினாறு வயதில் ஒருவன் முதல் அணிக்குள் வருவதற்கு அவனுடைய திறமை ஒரு காரணம் என்றால், கழகத்தின் நிலைமை இன்னொரு காரணம். 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ், கடன் வாங்கிக் கட்டிய அணியைத் தாங்க முடியாமல் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. காலியான இடங்களில் உள்ளூர்ப் பயிற்சிக் கூடத்துச் சிறுவர்கள் வந்தார்கள். 2004-இல் அந்த அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டதும் மில்னரும் நியூகாசிலுக்கு விற்கப்பட்டார். இந்த இடத்தில் குறிப்புப் பத்தியில் "கழகத்தின் தேவைக்காக விற்கப்பட்டார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்றவருக்குப் பணம் வேண்டியிருந்ததா, வாங்கியவருக்கு ஆள் வேண்டியிருந்ததா, வீரரே போக விரும்பினாரா என்ற மூன்றில் எது என்று ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் முடிவு செய்த பிறகே தொகையைப் பார்ப்பது நல்லது.

தொகைகளைப் பொறுத்தவரை நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். 2008-இல் ஆஸ்டன் வில்லா அவரை ஏறத்தாழ 1.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் மான்செஸ்டர் சிட்டி, ஸ்டீஃபன் அயர்லாந்தையும் வில்லாவுக்குக் கொடுத்து, மொத்தம் சுமார் 2.6 கோடி பவுண்டு மதிப்புள்ள பேரத்தில் அவரைப் பெற்றது. 2015-இல் லிவர்பூலுக்கும் 2023-இல் பிரைட்டனுக்கும் அவர் சென்றபோது இடமாற்றத் தொகையே கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகையின்றி வேறு கழகத்துக்குப் போகலாம் என்பது 1995-ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்பால் உறுதியான உரிமை. எனவே இணைய அட்டவணையில் தொகைக்கு எதிரே சுழியம் இருந்தால் அந்த வீரர் மதிப்பிழந்துவிட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது; மில்னரின் வாழ்க்கையில் சாம்பியன்ஸ் லீக் வந்தது அந்தச் சுழியத்துக்குப் பிறகுதான்.

மேலாளர் பத்திக்கு வருவோம். இங்கிலாந்தில் 'மேலாளர்' என்றால் தலைமைப் பயிற்சியாளர் என்றே கொள்ளலாம். யார் ஆடுவது, எங்கே ஆடுவது என்பதைத் தீர்மானிப்பவர் அவரே. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீரரை வாங்கிய மேலாளரும் ஆட வைத்த மேலாளரும் ஒருவர்தானா என்பது. நியூகாசிலுக்கு மில்னரைக் கொண்டுவந்தவர் பாபி ராப்சன். 2004-05 சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அவர் நீக்கப்பட்டு, கிரேம் சூனஸ் வந்தார். மில்னர்களைக் கொண்ட ஓர் அணியை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்ற பொருளில் சூனஸ் ஒருமுறை பேசியது பின்னாளில் அவருக்கே பலமுறை திருப்பிச் சொல்லப்பட்டது. அடுத்த சீசனில், நோல்பெர்ட்டோ சொலானோவை வில்லாவிடமிருந்து பெறும் பேரத்தின் பகுதியாக மில்னர் ஓராண்டுக்கு இரவல் அனுப்பப்பட்டார். இரவல் என்பது எப்போதும் பின்னடைவு அல்ல. 2003-இல் லீட்ஸ் அவரைக் கீழ்ப் பிரிவில் இருந்த ஸ்விண்டனுக்கு ஒரு மாதம் அனுப்பியது ஆட்டப் பழக்கத்துக்காக. வில்லாவுக்குப் போனது இன்னொருவரை வாங்குவதற்கான விலையின் ஒரு பகுதியாக. அட்டவணையில் இரண்டும் ஒரே சொல்லால்தான் குறிக்கப்பட்டிருக்கும்.

2006 ஆகஸ்டின் கடைசி நாளில் வில்லாவுக்கு நிரந்தரமாக மாறும் பேரம் முடியும் தறுவாயில், நியூகாசில் மனம் மாறி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இப்படி நிகழாமல் போன இடமாற்றங்களையும் குறிப்புப் பத்தியில் எழுதுவது என் வழக்கம். அடுத்த இரண்டு சீசன்களை ஒருவர் எந்த மனநிலையில் ஆடியிருப்பார் என்பதை ஊகிக்க அது உதவும்.

இனி, ஆடிய இடம். 'நடுக்கள வீரர்' என்ற ஒரே பெயரின் கீழ் குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைப்பவர், ஒரு பெனால்டி பெட்டியிலிருந்து எதிரணியின் பெனால்டி பெட்டி வரை ஓடுபவர், தாக்குதலாளருக்குச் சற்றுப் பின்னால் நின்று வழி திறப்பவர், கோட்டோரம் ஓடும் விங்கர் என்று தோராயமாகப் பிரிக்கலாம். முதல் வேலையைச் செய்பவரின் கோல்களை மூன்றாவது வேலையைச் செய்பவரின் கோல்களோடு ஒப்பிடுவது, கொத்தனாரும் தச்சரும் கட்டிய சுவர்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவது போன்றது.

மில்னர் தொடக்கத்தில் விங்கர். லீட்ஸிலும் நியூகாசிலிலும் வலப்புறமோ இடப்புறமோ கோட்டை ஒட்டியே ஆடினார். 2009 கோடையில் வில்லாவின் தலைவரும் நடுக்களத்தின் அச்சாணியுமான கேரத் பாரி மான்செஸ்டர் சிட்டிக்குச் சென்றுவிட்டார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் மேலாளர் மார்ட்டின் ஓ'நீல் மில்னரை நிறுத்தினார். அட்டவணையில் ஒரு வரி அடுத்த வரியாக மாறுவது மட்டுமே தெரியும். ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் திருப்பம் இதுதான். அந்த 2009-10 சீசனின் முடிவில் தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் பெனால்டியை கோலாக்கினார், ஆனால் வில்லா 2–1 எனத் தோற்றது. தனி வீரராக அவருடைய உச்சம் அந்த ஓராண்டுதான் என்பது என் கணிப்பு. லிவர்பூல் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சிட்டியில் அவர் ஆடிய இடத்தை ஒரே சொல்லில் எழுதவே முடியாது. ராபர்ட்டோ மான்சினியின் கீழும் மானுவேல் பெல்லெக்ரினியின் கீழும் வலப்புறம், இடப்புறம், நடு என எங்கெல்லாம் இடைவெளி இருந்ததோ அங்கெல்லாம் ஆடினார். 2014 இறுதியில் தாக்குதலாளர்கள் காயமுற்றபோது முன்களத்தின் நடுவிலும் சில ஆட்டங்களில் நின்றார். இத்தகைய வீரருக்கு ஒரு சீசனுக்கு ஒரு வரி போதாது. மாதவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். லிவர்பூலிலும் கதை அப்படியே தொடர்ந்தது. மையத்தில் ஆட விரும்பியே அங்கு சென்றார் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் மேலாளர் யூர்கன் கிளாப் 2016-17 சீசன் முழுவதும் அவரை லெஃப்ட் பேக்காக, அதாவது இடது பின்கள வீரராக, ஆட வைத்தார். வலக்காலால் ஆடும் முப்பது வயது நடுக்கள வீரருக்கு அது எளிய வேலை அல்ல.

இணைய அட்டவணையில் அந்த சீசனின் கோல் எண்ணிக்கையைப் பாருங்கள்: லீக்கில் ஏழு கோல்கள். பின்கள வீரர் ஏழு கோல் அடித்தாரா என்று வியப்பதற்கு முன், ஏழும் பெனால்டிகள் என்பதை அறிய வேண்டும். எனவே கோல்களை எண்ணும்போது பெனால்டிகளைத் தனியாகக் கழித்து எழுதுங்கள். லாம்பார்டின் 177 கோல்களிலும் 43 பெனால்டியில் வந்தவை. அவற்றைக் கழித்த பிறகும் அவருடைய எண்ணிக்கை வியப்பளிப்பதுதான். ஆனால் இப்போது அது சரியான வியப்பு. மறுபுறம், பெனால்டியைத் துச்சமாக நினைக்கவும் கூடாது. 2022-இல் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை ஆகிய இரண்டு இறுதியாட்டங்களும் செல்சிக்கு எதிராகக் கோலின்றி முடிந்து பெனால்டி மோதலில் தீர்மானிக்கப்பட்டன. இரண்டிலும் லிவர்பூலுக்காக முதலில் உதைக்க நடந்து சென்றவர் மில்னர், இரண்டையும் உள்ளே அடித்தார். இந்த இரண்டு உதைகளும் எந்தக் கோல் கணக்கிலும் சேராது. மோதலில் அடித்தவை வீரரின் கோல்களாகக் கருதப்படுவதில்லை.

கோல் உதவிகளின் எண்ணிக்கை, அதாவது 'அசிஸ்ட்', நடுக்கள வீரருக்குக் கோலைவிட நல்ல அளவுகோல். 2017-18 சாம்பியன்ஸ் லீக்கில் மில்னர் ஒன்பது அசிஸ்ட்களைக் கொடுத்து அந்தப் போட்டியில் ஒரு சீசனுக்கான சாதனையைப் படைத்தார் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. கோல் அடிப்பவர் முகமது சலாவாக இருந்தால் சாதாரணப் பாஸும் அசிஸ்ட் ஆகிவிடும். அடிப்பவர் தவறவிட்டால் மிக அருமையான பாஸும் கணக்கில் வராது. அதே சீசனின் அரையிறுதியில் ரோமாவுக்கு எதிராக, சக வீரர் வேகமாக உதைத்து அகற்ற முயன்ற பந்து மில்னரின் முகத்தில் பட்டு வலைக்குள் போனது; அட்டவணையில் அது சுய கோல். எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். இந்த ஒரு கோலை நினைத்தால் அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

ஆட்டங்களின் எண்ணிக்கையை வாசிக்கும்போது, ஆறு நிமிடம் ஆடியதும் தொண்ணூறு நிமிடம் ஆடியதும் ஓர் ஆட்டமாகவே எண்ணப்படுகின்றன என்பதை மறக்கக் கூடாது. பிரீமியர் லீக்கில் நெடுங்காலம் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மாற்று வீரர்களே அனுமதிக்கப்பட்டார்கள். 2020-இல் பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆட்டங்களில் தற்காலிகமாகவும், 2022-23 முதல் நிரந்தரமாகவும் அது ஐந்தானது. எனவே அண்மைக் காலத்து வீரர்களின் ஆட்ட எண்ணிக்கையை முந்தைய தலைமுறையோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 'பிரீமியர் லீக் வரலாற்றில்' என்று தொடங்கும் சாதனைகள் 1992-இலிருந்துதான் எண்ணப்படுகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய நூறாண்டு முதல் பிரிவு ஆட்டங்கள் அதில் சேர்வதில்லை. இந்த எல்லைக்குள், 2024 ஜனவரியில் ரயன் கிக்ஸின் 632 ஆட்டங்களை மில்னர் கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இருபத்துமூன்றாவது பிரீமியர் லீக் சீசனைத் தொடங்கியவர் என்ற பெயரையும் பெற்றார்.

நாட்டு அணிக்காக ஆடியவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். கழகத்தில் நாள்தோறும் பயிற்சி அளிக்கும் மேலாளரும், ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே வீரரைப் பார்க்கும் நாட்டு அணி மேலாளரும் ஒருவரிடம் வெவ்வேறு பண்புகளைத் தேடுவார்கள். மில்னர் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணியில் 46 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்தில் வேறெவரும் அந்த வயதுப் பிரிவில் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. பெருமை போலத் தோன்றும் இந்த எண், மூத்த அணியின் கதவு அவருக்கு நெடுநாள் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2009 ஜூனில் அந்த இளையோர் அணி ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஜெர்மனியிடம் 4–0 எனத் தோற்றது. அந்த ஜெர்மானிய அணியில் நோயர், ஓசில், கெதிரா ஆகியோர் இருந்தார்கள். ஓராண்டு கழித்துத் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் அதே மூவரும் ஆடிய அணி இங்கிலாந்தை 4–1 என வீழ்த்தியபோதும் மில்னர் களத்தில் இருந்தார். மூத்த அணிக்காக 61 ஆட்டங்கள் ஆடி, 2012-இல் மால்டோவாவுக்கு எதிராக ஒரே ஒரு கோல் அடித்து, 2016 ஐரோப்பியக் கோப்பைக்குப் பிறகு விலகினார்.

தாள் நிரம்பிய பிறகு ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். சிறப்புக் காட்சிகளின் தொகுப்பு இதற்குப் பயன்படாது. அதில் பந்து இருக்கும் இடம் மட்டுமே தெரியும், நடுக்கள வீரரோ பெரும்பாலான நேரம் பந்து இல்லாமல்தான் இருக்கிறார். முழுப் பதிவைப் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடங்கள் பந்தை மறந்து ஒரே வீரரைப் பின்தொடருங்கள். பந்து எதிர்ப்புறம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், தன் பக்கத்துப் பின்கள வீரர் முன்னேறும்போது அந்த இடத்தை மூடுகிறாரா, பந்தை இழந்த கணத்தில் அவருடைய முதல் மூன்று அடிகள் எந்தத் திசையில் போகின்றன ஆகிய நான்கை மட்டும் கவனித்தால் போதும்.

மில்னருக்கு நான் பரிந்துரைப்பது 2019 மே 7 அன்று லிவர்பூலின் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் (இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டியே வெற்றி முடிவாகும்). முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 3–0 எனத் தோற்றிருந்த லிவர்பூலுக்கு, சலாவும் ஃபிர்மினோவும் இல்லை. மில்னர் நடுக்களத்தில் தொடங்கினார். ஏழாவது நிமிடத்தில் டிவாக் ஒரிகி ஒரு கோல் அடித்தார். இடைவேளையில் லெஃப்ட் பேக் ஆண்டி ராபர்ட்சன் காயத்தால் வெளியேற, மேலாளர் இன்னொரு பின்கள வீரரை இறக்காமல் மில்னரை அந்த இடத்துக்கு நகர்த்திவிட்டு, நடுக்களத்துக்கு ஜியார்ஜினியோ வைனால்டமை இறக்கினார். வைனால்டம் 54, 56 ஆகிய நிமிடங்களில் இரண்டு கோல் அடித்தார். 79-ஆவது நிமிடத்தில் ஒரிகி நான்காவதை அடித்தார். அன்றைய கோல் பட்டியலிலும் அசிஸ்ட் பட்டியலிலும் மில்னர் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீசன் முழுவதும் விருப்பமில்லாத இடத்தில் ஆடப் பழகிய ஒருவர் அணியில் இருந்ததால்தான், இடைவேளையில் ஒரு பின்கள வீரரை இழந்த அணியால் ஒரு தாக்கும் நடுக்கள வீரரைக் கூடுதலாகக் களமிறக்க முடிந்தது. முதல் பாதியில் அவரை நடுக்களத்தில் பதினைந்து நிமிடமும், இரண்டாம் பாதியில் இடது ஓரத்தில் மெஸ்ஸியின் பக்கம் பதினைந்து நிமிடமும் பின்தொடர்ந்தால், மேலே சொன்ன நான்கு பழக்கங்களும் இரண்டு இடங்களிலும் மாறாமல் இருப்பதைக் காணலாம்.

கடைசி ஆண்டுகளை வாசிப்பதில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். 2024-25 சீசனுக்கு எதிரே பிரைட்டன் அணிக்காக விரல் விட்டு எண்ணக்கூடிய லீக் ஆட்டங்களே இருக்கும். வயதாகிவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் சீசன் தொடக்கத்திலேயே காயமுற்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் தன் பாதத்தை அசைக்க முடியாத நிலையில் இருந்தார் என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். அப்போது அவருடைய மேலாளராக இருந்த ஃபாபியன் ஹுர்ஸெலர் அவரைவிட ஏழு வயது இளையவர். மில்னர் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு ஒன்பது வயது.

அடுத்த வரி 2025-26. அதன் குறிப்புப் பத்தியில் மூன்று செய்திகள் எழுத இடம் விட்டுவையுங்கள். அந்தக் கோடையில் சாலை விபத்தில் உயிரிழந்த முன்னாள் லிவர்பூல் தோழர் டியோகோ ஜோட்டாவின் நினைவாக மில்னர் தன் சட்டை எண்ணை 20 என மாற்றிக்கொண்டார். 2025 ஆகஸ்ட் 31 அன்று தன் பழைய கழகமான மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஒரு பெனால்டியை கோலாக்கினார். பிரைட்டன் 2–1 என வென்றது. முப்பத்தொன்பது வயதில் அடித்த அந்தக் கோல், டெடி ஷெரிங்காமுக்கு அடுத்து பிரீமியர் லீக்கின் இரண்டாவது மூத்த கோல்காரராக அவரை ஆக்கியது. அதை எழுதிய பிறகு தாளின் முதல் வரிக்குத் திரும்பிச் சென்று, சண்டர்லாந்துக்கு எதிரான அந்தப் பதினாறு வயதுக் கோலிலிருந்து இதுவரை ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். இருபத்து இரண்டு ஆண்டுகள் எட்டு மாதங்கள் வரும்.